கைக்குழந்தைக்கு நம்பிக்கை கிடையாது, பிறகு பிளாசிபோ எங்கிருந்து வருகிறது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகி, குழந்தை புதுச்சேரியில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், "ஆஸ்டியோபதின்னு ஒரு கைச்சிகிச்சை இருக்கு, அதைச் செஞ்சா குறைமாசக் குழந்தைங்க சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுது, ஆராய்ச்சியே வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இவர் தேடிப் படித்தபோது, அந்த மாதிரி ஆராய்ச்சிகளில் சில குழந்தைகளைப் போலியாகத் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். "ரெண்டு வாரக் குழந்தைக்கு நம்பிக்கை எங்கே இருக்கு? நம்பிக்கையே இல்லாத இடத்துல பிளாசிபோ எப்படி வேலை செய்யும்? அப்புறம் எதுக்கு அந்தச் சின்ன உடம்பைப் போலியா வேற தொடணும்?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இதற்குள் ஒரு வாதம் இருக்கிறது. பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலிச் சிகிச்சைக்குப் பிறகும் தெரியும் தேறுதல், நம்பிக்கையால் வருவது, குழந்தைக்கு நம்பிக்கை கிடையாது, ஆகவே கைச்சிகிச்சை செய்த குழந்தை தேறினால் அது முழுக்க அந்தச் சிகிச்சையின் பலன்தான் என்பது அந்த வாதம். முதல் பாதி ஏறக்குறைய சரி, முடிவு தவறு. எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன். நான் குழந்தை மருத்துவர். படித்ததும் பயிற்சி பெற்றதும் புதுச்சேரியில். அதன்பிறகு பல வருடங்களாகக் கடலூர் பக்கம் குறைமாதக் குழந்தைகளோடுதான் என் வேலை. ஆஸ்டியோபதி நான் கற்ற துறை இல்லை. அதனால் அந்தக் கைமுறையின் நுணுக்கத்துக்குள் போக மாட்டேன். ஒரு கைச்சிகிச்சை பலன் தருகிறதா என்று குறைமாதக் குழந்தையிடம் எப்படிச் சோதிப்பது, எங்கே ஏமாறுவோம் என்பது எனக்குப் பழக்கமான விஷயம்.

நம் ஊர் உதாரணத்திலிருந்து தொடங்கினால் எளிதாக இருக்கும். குழந்தை விடாமல் வீறிட்டு அழுதால், பால் குடிக்க மறுத்தால், "உரம் விழுந்திருக்கு" என்பார்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் உரம் எடுக்கத் தெரிந்த பாட்டி ஊருக்கு ஒருவர் இருப்பார். வேட்டியிலோ பழைய புடவையிலோ குழந்தையைப் படுக்கவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். பெரும்பாலும் அன்று இரவே குழந்தை தூங்கிவிடும். பாட்டியின் கைராசி என்று சொல்வோம். ஆனால் குழந்தையை எப்போது அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? அழுகை உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அழுகை தானாகவே தணியத்தான் செய்யும், உருட்டினாலும் உருட்டாவிட்டாலும். மிக மோசமான நாளில் எதைச் செய்தாலும் அடுத்த நாள் கொஞ்சம் நல்லதாகத் தெரியும் என்பது புள்ளியியலில் நன்றாக அறியப்பட்ட விஷயம். குழந்தையின் நம்பிக்கைக்கு இதில் வேலையே இல்லை. சிகிச்சைக்குப் பிறகு வந்த தேறுதலை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "பிளாசிபோ" என்று பெயரெழுதி வைக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே எதிர்பார்ப்பு, உடம்பின் பழக்கம், நோயின் இயல்பான போக்கு, அளப்பவரின் சாய்வு என்று பல சரக்கு இருக்கும்.

இதில் எதிர்பார்ப்பை மட்டும்தான் கைக்குழந்தையிடமிருந்து நிச்சயமாக எடுத்துவிடலாம். பழக்கத்தை அப்படி எடுத்துவிட முடியாது. 1975ல் ஏடர், கோஹன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீரையும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு வெறும் இனிப்புத் தண்ணீருக்கே எதிர்ப்புச் சக்தி குறைந்தது. எலி எதையும் "நம்பி" இருக்காது. மனிதக் குழந்தையிலும் இதற்கு அடித்தளம் உண்டு. 1984ல் வந்த ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குழந்தைகளின் நெற்றியைத் தடவிவிட்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். சில முறைகளிலேயே, நெற்றியைத் தடவினால் வாயைச் சப்பத் தொடங்கின. 1991ல் ரெஜினா சல்லிவன் குழுவினர் ஒரு எலுமிச்சை வகை வாசனையையும் உடம்பைத் தடவிக்கொடுப்பதையும் சேர்த்துக் காட்டியபோது, மறுநாள் அந்த வாசனை வந்த பக்கம் குழந்தைகள் தலையைத் திருப்பின. ஆக, தொடுதலோடு எதையாவது இணைத்துக் கற்றுக்கொள்ளும் திறமை பிறந்த உடனேயே இருக்கிறது. இது உறுதி. ஆனால் இவை நிறைமாதக் குழந்தைகள். 30, 31 வாரக் குழந்தைக்கும் இதே அளவில் பழக்கம் ஏற்பட்டு, அது இதயத் துடிப்பையோ செரிமானத்தையோ மாற்றுமா என்பது இன்னும் சந்தேகத்தில் இருக்கும் இடம்.

அடுத்தது பெரியவர்கள். என் அனுபவத்தில் விஷயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இன்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தைக்கு எதிர்பார்ப்பு இல்லை. அதைச் சுற்றி நிற்கும் அம்மாவுக்கு உண்டு, சிஸ்டருக்கு உண்டு, எனக்கும் உண்டு. குழந்தை தேறுகிறது என்று எழுதிவைப்பதும் நாங்கள்தான். 2014ல் இதைத் துலக்கமாகக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் வந்தது. இருமல் வந்த சின்னக் குழந்தைகள் சுமார் 120 பேர். ஒரு குழுவுக்குக் கற்றாழை வகைச் செடியிலிருந்து எடுத்த தேன்பாகு, இன்னொரு குழுவுக்கு நிறமும் சுவையும் சேர்த்த தண்ணீர், மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. இரவு இருமல் எப்படி இருந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். பாகும் தண்ணீரும் ஒன்றுபோலவே "வேலை செய்தன". எதுவும் கொடுக்காத குழுவைவிட இரண்டுமே மேல் என்று வந்தது. கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மருந்து கொடுத்தோம் என்ற நிம்மதி அம்மா அப்பாவின் காதில் இருமலைக் குறைத்திருக்கலாம். அல்லது பெரியவர்களின் பதற்றம் தணிந்ததால் குழந்தையும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருக்கலாம். இந்த இரண்டையும் அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை.

"இருமல் காதால் கேட்டுச் சொல்வது, எடை மெஷினில் வருவதுதானே" என்று கேட்பீர்கள். எடை போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். 1,400 கிராம் குழந்தை நன்றாக வளர்கிறது என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் ஏறும். அதே குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூபில் போகும் பாலும் ஏறக்குறைய 20 மில்லிதான். பால் போவதற்கு முன்னால் எடை பார்த்தோமா, பின்னால் பார்த்தோமா என்பதிலேயே ஒரு நாள் வளர்ச்சி வந்துவிடும், போய்விடும். கையில் ஊசியை அசையாமல் பிடிக்கக் கட்டிய அட்டை, ஒட்டிய பிளாஸ்டர், ஈரமான நாப்கின், தட்டில் விரித்த துணி எல்லாம் கணக்கில் சேரும். இந்தத் தவறுகள் இரண்டு குழுவிலும் சமமாக நடந்தால் பெரிய சேதமில்லை, சராசரியில் கரைந்துவிடும். எடை போடுபவருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரிந்திருந்தால்தான் ஆபத்து. 1,395 என்று மின்னும்போது "இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம்" என்று ஒரு குழுவுக்கு மட்டும் தோன்றும். அதில் யாரும் பொய் சொல்வதில்லை, ஆனாலும் கணக்கு ஒரு பக்கம் சாயும்.

மருத்துவமனையில் தங்கும் நாட்கள் இதைவிட இளகிய அளவு. காகிதத்தில் எழுதினால் துல்லியமான எண்ணாகத் தெரியும். ஆனால் டிஸ்சார்ஜ் என்பது ஒரு முடிவு. மூச்சு நிற்காமல் சில நாள் போயிருக்க வேண்டும், எடை ஏற வேண்டும், பாலாடையிலோ மார்பிலோ குடிக்க வேண்டும், அம்மாவுக்குத் தைரியம் வர வேண்டும். வீடு அரியாங்குப்பத்தில் இருந்தால் ஒரு மாதிரி யோசிப்போம், காட்டுமன்னார்கோவில் தாண்டி இருந்தால் இரண்டு நாள் கூட வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம் என்று பாட்டி சொல்வார். அதற்கும் ஒரு நாள் தள்ளும். "இந்தக் குழந்தைக்கு விசேஷ சிகிச்சை நடக்குது, நல்லா இருக்கு" என்ற எண்ணம் வார்டில் இருந்தால், அந்தக் குழந்தைக்கு மட்டும் முடிவு கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

இப்போது உங்கள் உறவினர் சொன்ன ஆய்வுக்கு வருவோம். அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் 2015ல் வெளியான இத்தாலிய ஆய்வாக இருக்கும். மூன்று மருத்துவமனைகள், 695 குறைமாதக் குழந்தைகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஆஸ்டியோபதி பெற்றவர்கள் சராசரியாக 13.8 நாள், பெறாதவர்கள் 17.5 நாள் தங்கினார்கள். கிட்டத்தட்ட நான்கு நாள் வித்தியாசம். கெடுதல் எதுவும் பதிவாகவில்லை. இவ்வளவு குழந்தைகளை வைத்துக் குலுக்கல் முறையில் செய்ததை நான் மதிக்கிறேன், இந்தத் துறையில் அது அபூர்வம். ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது வழக்கமான பராமரிப்பு மட்டும். அதே ஆய்வில் தினசரி எடையேற்றத்தில் வித்தியாசம் வரவில்லை. எங்கள் வார்டில் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதில் எடைக்குப் பெரிய பங்கு. எடை மாறாமல் நாள் மட்டும் குறைந்தது என்றால் எனக்கு இரண்டு வழி தெரிகிறது. பால் செரிப்பது, மூச்சு சீராவது போன்ற வேறு ஏதோ உண்மையாகவே சீக்கிரம் சரியாகியிருக்கலாம். அல்லது முடிவெடுக்கும் மனம் சற்று முன்னால் நகர்ந்திருக்கலாம். போலித் தொடுதல் குழு ஒன்று இருந்திருந்தால் இதில் பாதியாவது தெளிந்திருக்கும். நீங்கள் படித்த அந்தப் பேச்சு வந்தது இதனால்தான்.

சரி, போலியாகத் தொட்டுப் பார்த்துவிட்டால் தெளிந்துவிடுமா என்றால், அங்கேதான் உண்மையான சிக்கல். பெரியவர்களுக்கு மருந்துச் சோதனையில் சர்க்கரை மாத்திரை கொடுப்போம். அதில் மருந்து இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். கை அப்படியில்லை. ரோமம் உள்ள தோலில், மெதுவாக வருடுவதை மட்டும் உணர்வதற்கென்றே ஒரு வகை நரம்பு இழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் வெதுவெதுப்போடு ஒரு கை நகர்ந்தால் அவை நன்றாகத் துடிக்கும். வேகமாகத் தேய்த்தாலோ குளிர்ந்த பொருளால் தடவினாலோ அந்தத் துடிப்பு குறையும். 2019ல் வந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில், குறைமாதக் குழந்தையை இந்த வேகத்தில் வருடியபோது இதயத் துடிப்பு தணிந்தது. அசையாமல் கையை வைத்திருந்தபோது அப்படி நடக்கவில்லை. இதன் மறுபக்கத்தை வார்டில் எப்போதும் பார்க்கலாம். கிருமிநாசினி தடவி, ஈரம் காயாத சில்லென்ற கையை உள்ளே விட்டுத் தொட்டதும் குழந்தை இரண்டு கைகளையும் விரித்து உதறும், மானிட்டரில் 95 என்று இருந்த ஆக்சிஜன் அளவு எண்பதுகளுக்கு இறங்கும். அதே கையைத் தேய்த்துச் சூடாக்கி, தலையில் ஒன்று, பாதத்தில் ஒன்று என்று அசையாமல் வைத்தால் எண் மெல்ல ஏறி நிற்கும். ஆகக் "போலி" என்று நாம் பெயர் வைத்த கை, குழந்தையின் உடம்பில் நல்லதோ கெட்டதோ ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறது. போலிக் குழுவும் சிகிச்சைக் குழுவும் ஒரே அளவு தேறினால், சிகிச்சை வீண் என்றும் படிக்கலாம், எந்த இதமான கையும் போதும் என்றும் படிக்கலாம். போலிக் கை சில்லென்று இருந்து குழந்தையைச் சிரமப்படுத்தியிருந்தால், ஒன்றுமில்லாத சிகிச்சைகூடச் சிறந்ததாகத் தெரியும்.

மசாஜ் ஆய்வுகள் இந்த வழியில் கொஞ்சம் தூரம் நடந்திருக்கின்றன. 1986ல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட் 40 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. நாளைக்கு மூன்று முறை, 15 நிமிடம், 10 நாள் மசாஜ் செய்ததில் எடையேற்றம் 47 சதவீதம் கூடியது, ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். பிறகு பல ஆய்வுகளைத் திரட்டி 2004ல் கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் குழுவினர் பார்த்தபோது, நாளைக்கு 5 கிராம் அளவுக்கு எடை கூடுகிறது, நாலரை நாள் குறைகிறது என்று வந்தது. ஆனால் அவர்களே, எந்தக் குழந்தை எந்தக் குழு என்பது ஊழியர்களுக்கு எவ்வளவு மறைக்கப்பட்டது என்று கவலைப்பட்டார்கள், குறிப்பாக அந்த நாலரை நாளைப் பற்றி. 2005ல் ஃபீல்ட் குழுவிலிருந்தே வந்த ஆய்வு எனக்கு அதிகம் பிடித்தது. அதில் மூன்று குழு: மிதமான அழுத்தத்தோடு மசாஜ், போலி மசாஜாக மிக லேசான தடவல், எதுவும் செய்யாதது. லேசாகத் தடவிய குழந்தைகளைவிட மிதமாக அழுத்தியவர்களுக்கு எடை அதிகம் ஏறியது, இரைப்பையின் அசைவும் கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் கையின் அழுத்தம் என்ற ஒன்றை மட்டும் மாற்றி, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கருவியால் அளந்தார்கள். அந்த வகைச் சான்றைத்தான் நான் நம்புவேன்.

அதனால் என்னிடம் ஓர் ஆய்வை வடிவமைக்கச் சொன்னால் மூன்று குழு இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்றுக்கு முறையான கைச்சிகிச்சை, ஒன்றுக்கு அதே நேரம், அதே வெதுவெதுப்பு, அதே இடங்களில் பயிற்சி பெறாத ஒருவரின் கை, ஒன்றுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடும் "போலிச் சிகிச்சையின் விளைவு". முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ளது அந்த முறையின் தனிப் பலன். மூன்று குழுவுக்கும் அதே நேரம் திரை போட வேண்டும், உள்ளே என்ன நடந்தது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. எடை போடுபவர் வேறு ஆள். டிஸ்சார்ஜ் செய்ய என்னென்ன நிறைவேற வேண்டும் என்பதை முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டு, "தகுதி வந்த நாள்" என்று ஒன்றையும் "வீட்டுக்குப் போன நாள்" என்று இன்னொன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அஷ்டமி நவமி இரண்டாவதைத்தான் தள்ளும், முதலாவதைத் தொட முடியாது. இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் மானிட்டரிலிருந்து நேராகக் கணினிக்குப் போகட்டும், யாரும் கையால் எழுத வேண்டாம். 2001ல் ராப்யார்ட்சன், கெட்சே என்ற இருவர், பிளாசிபோ குழுவும் எதுவும் செய்யாத குழுவும் சேர்ந்தே இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வலி போல வாயால் சொல்லும் அளவுகளில் பிளாசிபோவுக்குச் சிறு பலன் தெரிந்தது, கருவியால் அளப்பதில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. அவை பெரும்பாலும் பேசத் தெரிந்த நோயாளிகளைப் பற்றியவை. பேசத் தெரியாத குழந்தைக்கு அளவை நாம் சொல்கிறோம் என்பதால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும்.

"எதுக்குப் போலியா தொடணும்" என்று நீங்கள் கேட்டதில் ஒரு நியாயமான வலி இருக்கிறது. குறைமாதக் குழந்தையை அடிக்கடி கையாண்டாலே ஆக்சிஜன் இறங்கும் என்பது 1980களிலிருந்தே தெரிந்ததுதான். அதனால் வேண்டாத தொடுதலைக் குறைப்பது எங்கள் அடிப்படைப் பழக்கம். ஒரு ஆய்வுக்காகப் போலியாகத் தொடுவது என்றால், குழந்தை நிலையாக இருக்கும்போது மட்டும், எண் இறங்கினால் அந்த நொடியே கையை எடுக்கும் விதியோடு, பெற்றோருக்குத் தமிழில் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் செய்யலாம். இந்த நிபந்தனைகளோடு செய்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சோதிக்காமலே ஆயிரம் குழந்தைகளைத் தொடுவது அதைவிடப் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

எல்லாத் தொடுதலையும் இப்படித் திரை போட்டுச் சோதிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கங்காரு முறை, அதாவது குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டிவைப்பது, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதில் போலி அம்மா என்று ஒருவரை வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு 2021ல் வெளிவந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும், 3,211 குழந்தைகள், பிறந்த எடை 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள். பிறந்தவுடனேயே தொடங்கிய குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், குழந்தை நிலையான பிறகு தொடங்கிய குழுவில் 15.7. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். யாருக்கும் எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அளந்தது உயிர். அது யாருடைய நம்பிக்கைக்கும் வளையாது. அந்தப் பலனில் தோலின் சூடு எவ்வளவு, தாய்ப்பால் சீக்கிரம் கிடைத்தது எவ்வளவு, தொற்று குறைந்தது எவ்வளவு, அம்மா கூடவே இருந்து கவனித்தது எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மட்டும்தான் இன்னும் மிச்சம். சிகிச்சை தருவதற்கு அந்தப் பங்கீடு தேவையில்லை.

உங்கள் தங்கை குழந்தைக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியின் அடியில் அதுதான் இருக்கிறது என்று படுகிறது. குழந்தையை நான் பார்க்கவில்லை, அங்கே பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முதல். அவரிடம் "கங்காரு முறை எப்போ ஆரம்பிக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அம்மா முடியாதப்போ அப்பாவோ பாட்டியோ வெச்சுக்கலாமா" என்று கேளுங்கள். 2022ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. எண்ணெய் தடவுவது பற்றியும் அதே ஆவணம் பரிசீலிக்கலாம் என்கிறது. எந்த எண்ணெய், எப்போது என்பதை சிஸ்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். மூக்கில், காதில், தொப்புளில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. ஆஸ்டியோபதிக்காக வெளியிலிருந்து ஆள் கூட்டிவர நான் சொல்ல மாட்டேன், அதற்கு இப்போதைய சான்று போதாது. ஏதாவது மருத்துவமனையில் முறையான ஆய்வாக நடந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறதா, நடுவில் விலகிக்கொண்டால் குழந்தையின் வழக்கமான சிகிச்சை மாறாதா என்று மூன்றையும் கேட்டுவிட்டு உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் முடிவு செய்யட்டும். உரம் எடுப்பது இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், வீட்டுக்கு வந்த பிறகும் வேண்டாம். கழுத்து நிற்காத குறைமாதக் குழந்தையைத் துணியில் உருட்டினால் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. பாட்டி வருத்தப்படுவார், அவர் கையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையின் தலையிலும் பாதத்திலும் அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.